டெபிட் யார் கணக்கில்?

2025 செப்டம்பர் கடைசி வாரம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் அடித்தது. அந்த நேரத்து போன் என்றாலே நம் வீடுகளில் அடிவயிறு கலங்கும். எடுத்தேன். அமெரிக்காவில், டல்லாஸ் பக்கம் இருக்கிற என் சித்தி மகன்.

“அண்ணே, தூங்கிட்டீங்களா? ஒரு அவசரம்ணே.”

“என்னடா? சித்திக்கு உடம்பு கிடம்பு...?”

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லண்ணே. கார் வாங்கணும். எலெக்ட்ரிக் கார். செவ்வாய்க்கிழமைக்குள்ள வாங்கியாகணும். எந்த வேரியன்ட் எடுக்கறதுன்னுதான் புரியல. நீங்கதான் கணக்குப் பிள்ளையாச்சே, சொல்லுங்க.”

நிம்மதியும் எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தது. “உங்கிட்டதான் ஏற்கெனவே கார் இருக்கேடா? அது என்னாச்சு?”

“அது நல்லாத்தான் ஓடுது. ஆனா முப்பதாம் தேதியோட 7,500 டாலர் போயிடுமே!”

போயிடுமே! இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டும். அந்தப் பணம் அவன் பைக்கு வரவே இல்லை. வராத பணம் எப்படிப் போகும்?

அதே செப்டம்பரில் நம் ஊரில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறையப்போகிறது என்று தெரிந்தது. செப்டம்பர் 22 வரை ஷோரூம்கள் ஈ ஓட்டின. அதன் பிறகு கூட்டம் அலைமோதியது. இங்கே ‘பொறு, பொறு’ என்றார்கள். அங்கே ‘ஓடு, ஓடு’ என்றார்கள். இரண்டு ஊரிலும் கார் வாங்கும் நாளை முடிவு செய்தது வாங்குகிறவரின் தேவை இல்லை. ஆள்பவர்களின் காலண்டர்.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்து இத்தனை வருடமாகியும் ஒரு பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. எங்காவது ‘கிரெடிட்’ என்று பார்த்தால் உடனே அடுத்த கேள்வி வரும்: சரி, டெபிட் யார் கணக்கில்? ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். இரண்டும் டேலி ஆகாவிட்டால் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார்.

அமெரிக்காவில் அந்தச் சலுகைக்குப் பெயரே ‘டாக்ஸ் கிரெடிட்’. நம் 80சி மாதிரி இல்லை அது. பழைய வரிமுறையில் நீங்கள் 80சி-யில் ஒன்றரை லட்சம் போட்டால் வரியில் ஒன்றரை லட்சம் குறைந்துவிடாது. வரி போடும் வருமானத்தில்தான் குறையும். 20 சதவிகித வரி கட்டுகிறவருக்குக் கையில் மிஞ்சுவது 30,000 ரூபாய் சொச்சம். அமெரிக்க டாக்ஸ் கிரெடிட்டோ, வரியிலேயே நேராகக் கை வைக்கும். 12,000 டாலர் வரி கட்ட வேண்டியவர் மின்சாரக் கார் வாங்கினால் 4,500 கட்டினால் போதும். 7,500 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல். நம் ஊரில் ஒரு சின்ன காரே வாங்கலாம்! அதனால் என் தம்பி பதறியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தத் தாராளத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஓட்டை உண்டு. உங்கள் வரியே 3,000 டாலர்தான் என்றால், 3,000தான் கழியும். மீதி 4,500 கிடைக்காது. 2023 வரைக்கும் இதுதான் நிலைமை. அதாவது நிறைய சம்பாதித்து நிறைய வரி கட்டுகிறவருக்கு முழுச் சலுகை, குறைவாகச் சம்பாதிப்பவருக்கு அரைச் சலுகை. பந்தியில் வயிறு பெருத்தவனைப் பார்த்துப் பரிமாறுகிற கதை. 2024 ஜனவரியிலிருந்துதான் அந்தத் தொகையை ஷோரூமிலேயே விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அப்படி மாற்றி இரண்டு வருடம்கூட முடியவில்லை. 2025 ஜூலை 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், செப்டம்பர் 30-க்குப் பிறகு சலுகையே கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டது.

சரி, தம்பி கணக்குக்கு வருவோம். அந்தக் காரின் பெயர் வேண்டாம். எல்லா ஷோரூமிலும் நடப்பதுதான்.

அவன் பட்ஜெட் 45,000 டாலர். அந்தக் காரின் ஆரம்ப வேரியன்ட்டும் சரியாக 45,000. அடுத்தது, நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வேரியன்ட், 49,000. அதற்கும் மேலே, பந்தயக் கார் மாதிரி பாய்கிற ஒன்று 57,000. மாநில வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் தனி.

விற்பனையாளர் அவனிடம் போட்டுக் காட்டிய கணக்கு இது: “சார், 49 ஆயிரத்தில் ஏழரை ஆயிரம் போனால் 41,500. உங்க பட்ஜெட்டோ 45. இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு கையில் நிக்குது. ஸ்பெஷல் பெயின்ட் 1,500, பெரிய வீல் 2,000. கரெக்டா 45-ல் முடிச்சிடலாம். ஃபுல்லா லோடு பண்ணின வண்டி!”

கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது, பார்த்தீர்களா? இப்போது நோட்டை எடுத்து எழுதுங்கள். சலுகையோடு ஆரம்ப வேரியன்ட் வாங்கியிருந்தால் 37,500 டாலரில் முடிந்திருக்கும். அவன் கட்டப்போவது 45,000. வித்தியாசம் 7,500. வேரியன்ட் ஏறியதில் 4,000, பெயின்ட் 1,500, வீல் 2,000. கூட்டினால் 7,500. அரசாங்கம் கொடுத்த பணம் பைசா பாக்கியில்லாமல் கம்பெனியின் விலைப்பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தம்பியின் பர்ஸிலிருந்து போவது மட்டும் அதே 45,000. டேலி ஆகிவிட்டது!

“நாலு சக்கர இழுவை எதுக்குடா?” என்றேன்.

“பனியில வழுக்காதுண்ணே.”

“டல்லாஸ்ல பனியா?”

“எப்பவாவது விழும்ணே. விழுந்தா அன்னிக்கு ஆபீஸ் லீவு.”

ஆபீஸ் 22 மைல் தூரம். வாரத்தில் மூன்று நாள்தான் போகிறான். போக வர, வாரத்துக்கு 132 மைல். அந்தக் காரின் ஆரம்ப வேரியன்ட்டே ஒரு சார்ஜில் 300 மைலுக்கு மேல் ஓடும். வீட்டு கராஜிலேயே ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பெரிய வீல் போட்டால் ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம் குறையும் என்பது கார்க்காரர்களே ஒப்புக்கொள்கிற விஷயம். அதாவது 2,000 டாலர் கொடுத்துத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கப்போய், மிச்சமான பணத்துக்கு இன்னும் இரண்டு புடவை எடுத்து, கடைசியில் வழக்கத்தைவிட ஐந்நூறு அதிகம் செலவு செய்துவிட்டு, ‘நல்ல லாபம்’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதே வியாதிதான். ரங்கநாதன் தெருவாக இருந்தால் என்ன, டெக்சாஸாக இருந்தால் என்ன!

“இது உங்க தம்பியோட ஆசை. அதுக்கு அரசாங்கமும் கம்பெனியும் என்ன செய்யும்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விற்பனையாளர் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் நான் இந்தப் பக்கத்தை வீணாக்கமாட்டேன். சலுகையைப் பார்த்து விலையும் வேரியன்ட்டும் எப்படி வளைந்தன என்பதற்கு, ஊரறிந்த சரித்திரம் இருக்கிறது.

2008-ல் ஜார்ஜ் புஷ் காலத்துச் சட்டத்தில் முளைத்தது இந்தச் சலுகை. பிறகு ஒபாமா காலத்தில் திருத்தி, ஒரு கம்பெனி அமெரிக்காவில் 2 லட்சம் வண்டி விற்றுவிட்டால் அதன் கார்களுக்குச் சலுகை படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும் என்று விதி வைத்தார்கள். டெஸ்லா 2018 ஜூலையில் அந்த எண்ணைத் தொட்டது. 2019 ஜனவரி 1-ஆம் தேதி சலுகை பாதியாகி 3,750 ஆனது. மறுநாளே டெஸ்லா தன் எல்லா மாடல்களிலும் 2,000 டாலர் விலை குறைத்தது. ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி மலிந்துவிட்டதா என்ன? சலுகை முழுசாக இருந்தவரைக்கும் அந்த 2,000 டாலர் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்தது 2022 ஆகஸ்டில் பைடன் கொண்டுவந்த புதுச் சட்டம். 2 லட்சம் வண்டி என்ற வரம்பு போனது. அதற்குப் பதிலாக விலைக்கு வரம்பு வந்தது. 2023 ஜனவரியிலிருந்து, சாதாரண கார் என்றால் 55,000 டாலருக்குள் இருக்க வேண்டும். எஸ்.யூ.வி. என்றால் 80,000 வரைக்கும் போகலாம். டெஸ்லாவின் மாடல் ஒய் வண்டியில் ஐந்து ஸீட் இருந்தால் அது கார். பின்னால் இன்னும் இரண்டு ஸீட் சேர்த்தால் அதே வண்டி எஸ்.யூ.வி.! அரசாங்கம் அப்படித்தான் பட்டியல் போட்டது. அப்போது மாடல் ஒய் லாங் ரேஞ்ச் வேரியன்ட்டின் விலை 65,990 டாலர். ஜனவரி பாதியில் ஒரே நாளில் அது 52,990 ஆனது. 13,000 டாலர் வெட்டு. வரம்புக்குள் நுழைய வேண்டுமே! பத்து நாள் முன்னால் பழைய விலையில் வாங்கியவரின் நிலைமையை யோசியுங்கள். அவர் காரின் மதிப்பு, அவர் ஓட்டிப் பழகுவதற்குள் இறங்கிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. பிப்ரவரி 3-ஆம் தேதி கருவூலத் துறை மனம் மாறி, ஐந்து ஸீட் மாடல் ஒய்யும் எஸ்.யூ.வி.தான் என்று அறிவித்தது. வரம்பு 80,000 ஆக உயர்ந்தது. உடனே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். ஆமாம், விலை மறுபடி ஏறியது.

2024-ல் நடந்ததுதான் உச்சக்கட்ட வேடிக்கை. அந்த வருடம் முதல், சீனா போன்ற நாடுகளின் பேட்டரி பாகங்கள் இருந்தால் சலுகை கிடையாது என்ற விதி அமலுக்கு வந்தது. டெஸ்லா மாடல் 3-ன் ஆரம்ப வேரியன்ட்டில் சீன பேட்டரி. ஒரு சார்ஜில் 272 மைல். விலை 38,990 டாலர், சலுகை இல்லை. ஜூலை மாதம் வந்த லாங் ரேஞ்ச் ரியர் வீல் டிரைவ் வேரியன்ட் 363 மைல் ஓடும். விலை 42,490, சலுகை உண்டு. கழித்தால் 34,990. பெரிய பேட்டரி, அதிக தூரம், நாலாயிரம் டாலர் மலிவு! கால் கிலோ வாங்கினால் நூறு ரூபாய், அரைக் கிலோ வாங்கினால் தொண்ணூறு ரூபாய் என்று எந்த மளிகைக் கடையிலாவது கேட்டிருக்கிறீர்களா?

சட்டத்தின் நோக்கம் சீன பேட்டரியைக் குறைப்பது என்றால், சரி, அது ஒரு நோக்கம். ஆனால் தினம் 30 மைல் ஓட்டுகிற டீச்சரம்மாவுக்குச் சின்ன பேட்டரியே தாராளம். அவரை ‘பெரிசை வாங்கு, அதுதான் மலிவு’ என்று தள்ளுவது எந்தக் கணக்கில் சேரும்? தேவைக்கும் வேரியன்ட்டுக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோனது.

குத்தகைக் கதை இன்னும் சுவாரஸ்யம். லீஸில் எடுக்கும் காரை ‘வணிக வாகனம்’ என்று கணக்கிட்டதால் விலை வரம்பு, வருமான வரம்பு, எங்கே தயாரானது என்ற கேள்வி எதுவும் அதற்குக் கிடையாது. சொந்தமாக வாங்கினால் சலுகை கிடைக்காத இறக்குமதிக் காரை லீஸில் எடுத்தால் 7,500 உண்டு. யாருக்கு? சட்டப்படி லீஸ் கம்பெனிக்கு! அவர்கள் பார்த்து, மாதத் தவணையில் எவ்வளவு குறைக்கிறார்களோ, அது உங்கள் அதிர்ஷ்டம். 2025 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ஒரு படி மேலே போனார்கள். டீலர்களிடம் நிற்கும் கார்களுக்குத் தங்கள் ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூலம் முப்பதாம் தேதிக்குள் முன்பணம் கட்டிவைத்து, அதன் பிறகும் சலுகையை வாங்கலாம் என்று திட்டம் போட்டார்கள். செனட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும் அக்டோபரில் பின்வாங்கினார்கள்.

இப்போது செப்டம்பர் 30 முடிந்த பிறகு என்ன ஆனது என்று பார்ப்போம். ‘போயிடுமே’ என்று பயந்தார்களே, வானம் இடிந்து விழுந்ததா?

அக்டோபர் 1-ஆம் தேதியே ஹூண்டாய் தன் 2026 ஐயானிக் 5 கார்களின் விலையை வேரியன்ட்டைப் பொறுத்து 9,800 டாலர் வரை குறைத்தது. 2025 மாடலுக்கு 7,500 டாலர் தள்ளுபடியைத் தன் கையிலிருந்தே கொடுப்பதாகச் சொன்னது. அரசாங்கம் கொடுத்ததைவிட அதிகம்! அவசரப்படாமல் இருந்தவர் சிரித்தார்.

ஆனால் எல்லோரும் ஹூண்டாய் இல்லை. அக்டோபர் 7-ஆம் தேதி டெஸ்லா ‘ஸ்டாண்டர்டு’ என்று ஒரு புது வேரியன்ட்டை இறக்கியது. மாடல் ஒய் ஸ்டாண்டர்டு 39,990 டாலர். விலை குறைந்துவிட்டது என்று தலைப்புச் செய்திகள். உள்ளே பார்த்தால் ரேடியோ இல்லை. பின் ஸீட் ஸ்கிரீன் இல்லை. ஸ்பீக்கர்கள் பாதிக்கும் குறைவு. ஆட்டோஸ்டியர் இல்லை. மேலே கண்ணாடிக் கூரை இருக்கிறது, ஆனால் உள்ளிருந்து பார்க்க முடியாதபடி துணி வைத்து மூடிவிட்டார்கள்! கண்ணாடியும் உண்டு, வெளிச்சமும் இல்லை. 40,000 டாலர் கொடுப்பவருக்குத் தான் மலிவு வேரியன்ட் வாங்கினோம் என்பது தினமும் தலைக்கு மேலே ஞாபகம் இருக்க வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். ஒரு வாரம் முன்னால் வரை, இதையெல்லாம் எடுக்காத, 357 மைல் ஓடுகிற மாடல் ஒய் 44,990 டாலர். சலுகை போக 37,490. இப்போது உரித்தெடுத்த, 321 மைல் ஓடுகிற வண்டி 39,990. பொருள் குறைந்தது, கைக்காசு 2,500 கூடியது. இதற்குப் பெயர் ‘மலிவு விலை’!

இரண்டு கம்பெனி, இரண்டு விதம். ஆனால் சேதி ஒன்றுதான். சலுகை இருந்தபோது அது விலைக்குள் எங்கே எவ்வளவு ஒளிந்திருந்தது என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடைசித் தேதி. அந்தத் தேதி செய்த வேலையைப் பாருங்கள்: ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் டெஸ்லா உலகம் முழுக்க 4,97,099 வண்டிகளை டெலிவரி செய்தது. அதுவரை அதன் சரித்திரத்தில் எந்தக் காலாண்டிலும் இல்லாத எண்ணிக்கை. அதில் அமெரிக்கர்களின் ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த காலாண்டில் 4 லட்சத்து 18 ஆயிரமாக இறங்கியது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் சாலி என்ற பொருளாதார நிபுணர், டொயோட்டா பிரியஸ் காருக்கு முன்பு கொடுத்த வரிச் சலுகையை ஆராய்ந்து, அதன் பெரும்பகுதி வாங்கியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது என்று 2011-ல் எழுதினார். மறுக்கவில்லை. அங்கே டொயோட்டா, சலுகை வரும்போதும் போகும்போதும் விலையோடு விளையாடவில்லை. நான் சொல்வதும் ‘சலுகையை எப்போதும் கம்பெனிதான் விழுங்கும்’ என்பதில்லை. வரம்பு, வகை, பாகம், தேதி என்று நாலு பக்கமும் நிபந்தனை போட்டால், கம்பெனி அந்த நிபந்தனைக்கு ஏற்ப வேரியன்ட்டை வெட்டித் தைக்கும். சட்டை உங்கள் அளவுக்குத் தைக்கப்படாது. சட்டத்தின் அளவுக்குத் தைக்கப்படும்.

“அப்போ எலெக்ட்ரிக் காரே வேண்டாம்கறீங்களா? புகையிலேயே சாகச் சொல்றீங்களா?” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இல்லை, சார். மின்சார வண்டி வேண்டும். அரசாங்கம் உதவவும் வேண்டும். எப்படி உதவுவது என்பதில்தான் என் சண்டை. நார்வேயைப் பாருங்கள். மின்சாரக் காருக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது என்று 2001-ல் சொன்னார்கள். பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கடுமையான வரி. இருபது வருடத்துக்கு மேல் அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டு, 2023-லிருந்து 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் வரி போட ஆரம்பித்தார்கள். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்ட 89 சதவிகிதம் மின்சாரக் கார். ராத்திரி பதினொன்றரைக்கு யாரும் அண்ணனை எழுப்பவில்லை!

“அமெரிக்காக்காரன் கார் வாங்கினா நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இதே கூத்து, நம் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாரான வண்டிகளிலேயே நடந்தது.

‘ஃபேம்-2’ என்று மத்திய அரசின் மானியத் திட்டம் 2019-ல் வந்தது. மின்சார ஸ்கூட்டரின் தொழிற்சாலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருந்தால்தான் மானியம். என்ன செய்தார்கள்? சார்ஜரை ஸ்கூட்டரிலிருந்து பிரித்து, தனியாக பில் போட்டார்கள்! சார்ஜர் இல்லாத மின்சார ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, திரி போட்டுப் பற்றவைப்பதா? வாங்கியவர்களும் அப்போது கேட்கவில்லை. மானியத்தின் மயக்கம். அரசாங்கம் பிடித்துக் கேட்டபின், 2023-ல் ஓலா, ஏத்தர், டி.வி.எஸ்., ஹீரோவின் விடா எல்லோரும் சார்ஜருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். அதே வருடம் ஜூனில் மானியத்தை ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைத்தது அரசு. உடனே விலை ஏறியது. ஏறிய விலையைக் கொஞ்சம் குறைத்துக் காட்ட, ஏத்தரில் சின்ன பேட்டரி வேரியன்ட் ஒன்று 1,29,999 ரூபாய்க்கு வந்தது. மானியம் அசைந்தால் வேரியன்ட் அசையும். டல்லாஸுக்கும் ஓசூருக்கும் தூரம் அதிகம், கணக்கு ஒன்றே.

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்? சலுகை என்று அரசாங்கம் அள்ளி விடுகிற நெய், நீங்களும் நானும் வரியாகக் கட்டியது. பஸ்ஸில் போகிறவரும், சைக்கிளில் போகிறவரும், தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டியது. என் ஆரம்பக் கேள்விக்கு அதுதான் பதில். கிரெடிட் கார் வாங்குகிறவர் பெயரில். டெபிட் எல்லோர் கணக்கிலும்.

அதனால் அரசாங்கத்திடம் ஒன்று கேட்போம். கொடுப்பதானால் இத்தனை வருடம், வருடத்துக்கு இவ்வளவு குறையும் என்று முதல் நாளே சொல்லிவிட்டுக் கொடுங்கள். சின்ன பேட்டரிக்கும் மலிவான வண்டிக்கும் அதிகம் கொடுங்கள். கடைசித் தேதி என்ற சவுக்கைக் கம்பெனி கையில் கொடுக்காதீர்கள்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. காரோ, ஸ்கூட்டரோ, வாங்கப் போகுமுன் வீட்டிலேயே ஒரு பேப்பரில் எழுதுங்கள். தினம் எத்தனை கிலோமீட்டர்? சார்ஜ் போட வீட்டில் இடம் உண்டா? வெளியூருக்கு வருடத்தில் எத்தனை தடவை? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால் வேரியன்ட் தானாகத் தெரிந்துவிடும். சலுகையைக் கடைசி வரியில் எழுதுங்கள். சலுகையே இல்லாவிட்டாலும் இதைத்தான் வாங்குவேன் என்றால் வாங்குங்கள். சலுகை வந்தால் அதை வங்கியில் போடுங்கள், வீலில் போடாதீர்கள். பழைய வண்டி ஓடுகிறதென்றால், அது ஓடுகிறவரைக்கும் ஓட்டுங்கள். புது வண்டி தயாரிக்கும்போதும் புகை கிளம்புகிறது.

இதையெல்லாம் அன்று ராத்திரி தம்பிக்கும் சொன்னேன். “சரிண்ணே, சரிண்ணே” என்றான். ‘சரிண்ணே’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

தீபாவளிக்கு போன் செய்தான். 49,000 டாலர் வேரியன்ட்தான். ஸ்பெஷல் பெயின்ட். பெரிய வீல். முப்பதாம் தேதி சாயந்திரம் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

“வண்டி சூப்பர்ணே. சத்தமே இல்ல.”

“சந்தோஷம்டா. பழைய காரை என்ன பண்ணினே?”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் சத்தமே இல்லை.

“அவசரத்துல விக்க முடியலண்ணே. ஆபீஸுக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன். இதுல கீறல் விழுந்துடும்னு பயமா இருக்கு.”